சாமியார் இல்லாத ஊரில் விசுவாசம் எப்படி நின்றது?

ஒரு குடும்பத்தில் ஏழெட்டுத் தலைமுறையாகக் கிறிஸ்தவ விசுவாசம் நிற்கிறது என்றால் அதற்கு என்ன காரணம் என்று கேட்டுப் பாருங்கள். வேதாகமம், பிரசங்கம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்றுதான் முதலில் பதில் வரும். தப்பில்லை. ஆனால் அதெல்லாம் சேர்ந்து வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்க ஒரு மனுசன் சமைக்கிறான், சம்பாதிக்கிறான், சண்டை போடுகிறான், பிள்ளைக்குப் பேர் வைக்கிறான், செத்தவர்களைப் புதைக்கிறான். அந்த நேரத்தில் விசுவாசம் எங்கே இருக்கிறது? அதற்கான பதில்தான் அன்றாடப் பண்பாடு. எந்த மாதம் என்ன பண்டிகை, எந்தக் கிழமை கறி கிடையாது, சாயங்காலம் யார் பாட்டை எடுப்பது, தாலியில் என்ன உரு இருக்கும், சாவு வீட்டில் எதைப் பாடுவது என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்காமலேயே நடந்துகொண்டிருக்கும் சங்கதிகள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, சாமியார்களையும் (கத்தோலிக்கக் குருக்களைத்தான் சொல்கிறேன்) போதகர்களையும் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுப் பார்ப்பது. கற்பனையெல்லாம் வேண்டாம், வரலாற்றில் அது நிஜமாகவே நடந்திருக்கிறது. அதுவும் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும்.

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் கடற்கரையில் பரதவர்கள் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமையில் முஸ்லிம் வணிகர்களோடு தகராறு முற்றியிருந்த நேரம் அது, போர்த்துகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஆக, காரணம் பெரிதும் அரசியல். இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் தொடக்கம் அப்படித்தான். ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், மொழி தெரிந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதுகிறார்.

அப்புறம் சவேரியார் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்த உள்ளூர் ஆட்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் இவற்றைத் தமிழில் எழுதவைத்து, தானும் மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கோரஸாகச் சொல்லிச் சொல்லிக் கற்றார்கள். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, தான் இல்லாத நேரத்தில் ஜெபம் சொல்லிக்கொடுக்கவும், பிறந்த குழந்தைக்கு அவசரம் என்றால் ஞானஸ்நானம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். இரண்டு வருடம்தான் பெரும்பாலும் இந்தக் கடற்கரையில் இருந்தார், அதிலும் நிறைய நாள் அலைச்சல். ஆனால் அவர் விட்டுப்போனது சாமியார் இல்லாவிட்டாலும் ஓடக்கூடிய ஏற்பாடு. இறையியல் ரீதியாக ஆழமானது என்று சொல்லமாட்டேன். ஒரு பத்து வயதுப் பையன் கடற்கரையில் விளையாடிக்கொண்டே முணுமுணுக்கக்கூடியது, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 1658-இல் வந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், அதே வருடம் யாழ்ப்பாணத்தையும். அவர்கள் கால்வின் வழி வந்த சீர்திருத்தச் சபைக்காரர்கள், சுரூபம் (மாதா, புனிதர் சிலைகள்), செபமாலை, பூசை (திருப்பலி) எதுவும் ஆகாது. கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், கோயில்களை எடுத்துக்கொண்டார்கள், தங்கள் போதகர்களைக் கொண்டுவந்து மக்களைத் தங்கள் சபைக்குத் திருப்பப் பார்த்தார்கள். தூத்துக்குடியில் அது பலிக்கவே இல்லை. சேசு சபைக் குருக்கள் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார்கள்: உங்கள் மதத்தைவிட எங்கள் மதம் மேல் என்று வாதாடிய டச்சுப் போதகரிடம், சவேரியார் செய்த அற்புதங்களைவிட அதிகமாகச் செய்து காட்டுங்கள், அப்புறம் யோசிக்கிறோம் என்றார்களாம் பரதவர்கள். எழுதியவர்கள் போட்டிக் கட்சிக்காரர்கள் என்பதால் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம். ஆனால் விளைவில் மிகையில்லை. அந்த மக்கள் உள்நாட்டுக் கிராமங்களில் இருந்த சாமியார்களைத் தேடிப் போய்ப் பூசை கண்டார்கள், மாதா பக்தியை விடவில்லை, முத்துக்குளிக்க அவர்கள் கை இல்லாமல் முடியாது என்பதால் டச்சுக்காரர்களும் ஒரு கட்டத்துக்கு மேல் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. டச்சு ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே 1713-இல் தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குப் புதிய கோயில் எழும்பிவிட்டது.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அங்கே டச்சுக்காரர்கள் கையில் எல்லாமே இருந்தது. ஊர்தோறும் கோயிலும் பள்ளிக்கூடமும். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாவிட்டால் அபராதம். ஞானஸ்நானமும் திருமணமும் தோம்பு என்கிற பதிவேட்டில் ஏறவேண்டும், சொத்துரிமையும் அதையொட்டித்தான். அரசாங்க வேலை வேண்டுமானால் அவர்கள் சபையில் இருக்கவேண்டும். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் இது ஓடியது. சரி, 1795-96-இல் ஆங்கிலேயர் வந்து அந்தச் சட்டங்களெல்லாம் போனபோது என்ன ஆயிற்று? பதிவேட்டில் இருந்த அத்தனை சீர்திருத்தச் சபைக்காரர்களும் கொஞ்ச காலத்திலேயே காணாமல் போனார்கள். பெரும்பாலோர் வீட்டில் எப்போதும் சைவர்களாகவே இருந்தவர்கள், வெளியிலும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கர்களோ அப்படியே இருந்தார்கள்.

நிறுவனம், சட்டம், பணம் எல்லாம் ஒரு பக்கம், மறுபக்கம் ஒன்றுமில்லை. நின்றது ஒன்றுமில்லாத பக்கம். ஏன்? என் பதில் இதுதான்: டச்சு மதம் பள்ளிக்கூடத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. சமையலறையில் அதற்கு வேலை இல்லை, பிரசவத்தில் இல்லை, மழை பொய்த்தால் இல்லை, அம்மை போட்டால் இல்லை. கத்தோலிக்க மதம் சுற்றிலும் இருந்த தமிழ் வாழ்க்கையின் வழிகளிலேயே உள்ளே போயிருந்தது. நேர்த்திக்கடன், தேர், கொடியேற்றம், கூத்து, ஒப்பாரி எல்லாம் அதில் இருந்தன. இதையே காரணம் காட்டி டச்சுப் போதகர்கள் அதை அஞ்ஞானம் என்று திட்டினார்கள். அவர்கள் திட்டியதுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கட்சி.

இந்தத் தடைக் காலத்தில்தான், 1687-இல், கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்கிற குரு கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்கிறார். முப்பது வருடமாகக் குரு இல்லாத நாட்டில் கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிப்படையாகக் கேட்டால் மாட்டிக்கொள்வார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார், அதைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்கள் யார் என்று கவனித்தார். அப்படித்தான் ஒவ்வொரு குடும்பமாகத் தொடர்பு கிடைத்து, சில்லாலையில் தங்கி, இரவில் பூசை வைத்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. ஒரு மணிச்சரம் பார்த்தவுடன் ஒரு ஆளுக்கு நெஞ்சு துணுக்கென்றது என்றால், அந்த வீட்டில் முப்பது வருடமாக யாரோ அதை உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். யாரோ என்ன யாரோ, பெரும்பாலும் கிழவிகள்தான். (வாஸ் 1711-இல் கண்டியில் இறந்தார், 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.) டச்சுக்காரர்களுக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களின் ஊர்தான் இன்றைய யாத்திரைத் தலமான மடு.

வரலாறு போதும். இந்த அன்றாடச் சங்கதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் நாள்காட்டி. சாம்பல் புதன் வந்தால் தவக்காலம், சீர்திருத்தச் சபைகளில் லெந்து நாட்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, வீட்டில் கறி மீன் கிடையாது. பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேறினால் தூத்துக்குடிக்கு ஆகஸ்ட் 5 வரை வேறு நினைப்பு இருக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கல்லறையைச் சுத்தம் செய்து பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றவேண்டும். கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போதும் வள்ளம் கரையில் கிடக்கும். அன்றைக்கு அந்த ஊரில் கோயிலுக்குப் போகாத ஆளுக்கும் அது ஞாயிற்றுக்கிழமைதான். நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிற ஆளையும் நாள்காட்டி விடாது, ஊரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிறகு எப்போதாவது அவனுக்கு நம்பிக்கை திரும்பினால், திரும்பி வர ஒரு இடம் அங்கேயே இருக்கிறது.

அடுத்தது பாட்டு, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பலமானது இதுதான். பிரசங்கம் திங்கட்கிழமை மறந்துவிடும், பாட்டு மறக்காது. தஞ்சையில் சரபோஜி மன்னரின் காலத்தில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் ஏராளமாகக் கீர்த்தனைகள் எழுதினார். அதுவரை ஜெர்மன் ராகத்தில் மொழிபெயர்ப்புப் பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்த சபைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1853-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் இப்படிப்பட்ட கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்றைக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்ப ஜெபத்தில் ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம் என்பதுதான் முறை. பாதிப் பிள்ளைகள் ஜெபத்தில் தூங்கி வழியும், அது வேறு. ஆனால் பாட்டு உள்ளே போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் நூறு பாட்டைப் புத்தகம் இல்லாமல் பாடுவதும், படுக்கையில் விழுந்து பிள்ளைகள் பேரே மறந்துபோன நிலையிலும் பல்லவியை எடுத்துக் கொடுத்தால் சரணத்தை முடிப்பதும் அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடப்பது. கத்தோலிக்கப் பக்கம் இதே வேலையைத் தவக்காலத்துப் புலம்பல் பாடல்களும், யாழ்ப்பாணம் மன்னார் பகுதிகளில் அண்ணாவியார் பழக்கும் புனிதர்களின் கூத்துகளும் செய்திருக்கின்றன. ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்த ஆளுக்கு அந்தப் புனிதரின் கதையைத் தனியாக மறைக்கல்வியில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது சாப்பாடு. தென்மாவட்டத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. ஊர் கூடி வரி போட்டு, அரிசியும் ஆடும் சேர்த்து, பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு டிக்கெட் போட்டு வந்துவிடுவார்கள். பண்டிகை ஏலத்தையும் சொல்லவேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் தேங்காயும் சேவலும் பூசணிக்காயும் காணிக்கையாக வரும், ஆராதனை முடிந்ததும் ஏலம். ஐம்பது ரூபாய்த் தேங்காயை இரண்டு பங்காளிகள் வீம்புக்குக் கேட்டு ஐயாயிரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள், கூட்டமெல்லாம் சிரிக்கும், சபைக்கு வரவு. இதில் பக்தி எவ்வளவு, கெளரவம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்கவேண்டியதும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து சபைக்குக் கொடுக்கிற பிடி அரிசி வழக்கமும் அப்படித்தான். மிசோரமில் இந்த ஒரு பிடி அரிசியை நம்பித்தான் அந்தச் சபைகளின் ஊழியத்தில் பெரும்பகுதி நடந்திருக்கிறது. காசே இல்லாத பெண்களுக்கும் கொடுக்க ஒன்று இருந்தது, அதை நாள்தோறும் கொடுத்தார்கள்.

பேர், தாலி, வீட்டுச் சுவர் இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூசை, ஆரோக்கியம், அந்தோணி, தேவசகாயம், ஞானசிகாமணி என்று பேரைச் சொன்னாலே எந்தச் சபை, சில நேரம் எந்த ஊர் என்றுகூடத் தெரிந்துவிடும். தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். கத்தோலிக்க வீட்டுச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படமும் கீழே ஒரு சிவப்பு பல்பும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் புது வருட ராத்திரி எடுத்த வாக்குத்தத்த வசனம்.

இனி கசப்பான விஷயம். பண்பாடு நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வராது, மூட்டையாக வரும். அந்த மூட்டைக்குள் சாதியும் இருந்தது. மேலே சொன்ன அதே வேதநாயகம் சாஸ்திரியாரைப் பாருங்கள். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளுக்கும், பண்டிகை கல்யாணங்களில் பூ பயன்படுத்துவதற்கும் தடை போட்டார்கள், பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், கூடவே சபையில் சாதி வித்தியாசம் கூடாது என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் கொதித்தெழுந்து இந்த நான்கையும் கொடுமைகள் என்று எழுதினார். நான்கில் சாதி வித்தியாசத்தை ஒழிப்பதும் ஒன்று. பாட்டுக்காக அவர் போராடியதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன், ஆனால் அதே பேனாதான் சாதிக்காகவும் வாதாடியது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் 1872-இல் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்து இரண்டு கூடங்களாகவே கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தபோது கலகமும் வழக்கும் வந்தன. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. விசுவாசத்தைத் தாங்கிப் பிடிக்கிற அதே கைதான் இதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பண்பாடு என்று சொன்னதும் உருகிப்போகிறவர்கள் அசனப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் பெந்தெகொஸ்தே நண்பர்களிடமிருந்து வரும். இதெல்லாம் பாரம்பரியம், ரட்சிப்பு இல்லை, மறுபடி பிறந்தாயா என்பதுதான் கேள்வி என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வருடம் தவறாமல் சப்பரம் தூக்குகிறவன் மனசில் கடவுளைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் இருக்கலாம், வெறும் பழக்கம் எத்தனை நூற்றாண்டு ஓடினாலும் அது பழக்கம்தான். ஆனால் அவர்கள் சபையைக் கவனித்தால் வேடிக்கை. வெள்ளை உடை, நகை போடாத கழுத்து, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஒருவரையொருவர் பார்த்ததும் ஸ்தோத்திரம் பிரதர் என்கிற கூப்பாடு, சினிமா பார்க்காத வீடு. பழைய பண்பாட்டைக் கழற்றி வைத்தவர்கள் பத்தே வருடத்தில் புதிதாக ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் இப்போது அதற்குள்தான் வளர்கிறார்கள். பண்பாடே இல்லாத வெறும் விசுவாசம் என்று ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) வரை ஆனது. அதன் பிறகுதான் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்திச் சைவ உணவு சாப்பிட்டபோது அவர்மேல் ரோம் வரைக்கும் புகார் போனது. அதிகாரபூர்வமாக மேலிருந்து செய்யப்படும் பண்பாட்டு முயற்சிகள், அதாவது பூசையில் குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் நல்லவைதான், ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. நான் சொல்வது யாரும் குழு போட்டுத் தீர்மானிக்காமல், சாமியாரைக் கேட்காமல், சில நேரம் சாமியாருக்குப் பிடிக்காமலும் ஜனங்கள் தாங்களாகச் செய்துகொண்டது. குருசடியில் (சிலுவை நட்ட சின்னக் கோயில்) எண்ணெய் ஊற்றுவதும் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை போய் முறையிடுவதும் அந்த வகை.

இப்போது இது எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமானால் ஜெர்மனிக்குப் போகவேண்டும். போருக்குப் பயந்து ஐரோப்பாவுக்குப் போன ஈழத்தமிழர்கள் ஆகஸ்டு மாதத்தில் கெவெலார் என்கிற ஜெர்மன் யாத்திரைத் தலத்தில் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மடுத் திருவிழாவும் ஆகஸ்டில்தான். தமிழில் பூசை, மாதா சுரூபப் பவனி, சாமி கும்பிட வரும் சைவர்களும் கூட்டத்தில் கணிசம், மடுவில் எப்போதும் இருந்ததுபோலவே. கனடாவில் மிட்லண்டு யாத்திரைத் தலத்திலும் தமிழர்கள் இப்படிக் கூடுகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் ஜெபம் பாதிதான் வரும், மீதியை முணுமுணுத்துச் சமாளிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற அம்மம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தால் அடுத்த வரி ஞாபகம் வந்துவிடும்.